ஆர்வத்தின் நிறைகோல்: மொன்ரிசோரிக் கல்வியும் பிற்காலக் கற்கையும்

ஒருவரின் ஆர்வம் எங்கிருந்து பிறக்கின்றது என்னும் வினா கல்விச் சிந்தனையிலே மிகப் பழையதொன்று. ஒரு மாணவன் பல்கலைக்கழகம் புகுந்து தாவரவியலைத் தேர்ந்துகொள்கின்றான். மற்றொரு மாணவி மெய்யியலை நாடுகின்றாள். இத்தேர்வுகள் அவர்களுக்கே உரியனவா, அன்றி அவர்களுக்கு நினைவு தெளிவதற்கு முன்னரே பெற்றோரும் ஆசிரியரும் இட்ட வித்துக்களின் விளைவுகளா? பின்னையதே உண்மையெனின், இன்னொருவரின் உள்ளத்தில் அவர் அறியாமலே ஆர்வத்தை விதைப்பதற்கு யாருக்கு உரிமையுண்டு? உளவியல் வினாவாகத் தொடங்கும் இது இவ்விடத்தில் ஒழுக்கவியல் வினாவாக மாறிவிடுகின்றது.

இவ்வினாவை ஆராய்வதற்கு மரியா மொன்ரிசோரியின் கல்விமுறை பொருத்தமான களமாகும். ஒன்றுக்கொன்று முரண்படுவனபோலத் தோன்றும் இரு கூற்றுக்களை அம்முறை ஒருசேர முன்வைக்கின்றது. பிள்ளை தான் செய்யும் வேலையைத் தானே தேர்ந்துகொள்ள வேண்டும் என்பது ஒன்று. அத்தேர்வுக்குரிய பொருள்கள் யாவும் வளர்ந்தோரால் முன்கூட்டியே ஆராய்ந்து, அளந்து, ஒழுங்குபடுத்தி வைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது மற்றையது. முதலாவது கூற்று சுதந்திரத்தைப் பேசுகின்றது. இரண்டாவது ஆயத்தத்தைப் பேசுகின்றது. இத்தகைய வகுப்பறையிலிருந்து வெளியேறும் பிள்ளை பிற்காலத்தில் நாடும் துறைகள் சுதந்திரத்தின் கனியா, ஆயத்தத்தின் கனியா என்பதே ஆராயற்பாலது.

மரியா மொன்ரிசோரி 1870 ஆம் ஆண்டு இத்தாலியின் கியாரவல்லே என்னும் ஊரிற் பிறந்தவர். 1896 இல் உரோமாபுரிப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். அறிவு வளர்ச்சியிற் பின்தங்கியோர் எனக் கருதப்பட்டு ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த பிள்ளைகளோடு பணிபுரிந்தமையே அவரைக் கல்வித்துறைக்குக் கொணர்ந்தது. இத்தார், செகன் ஆகிய பிரெஞ்சு மருத்துவர்களின் நூல்களை அவர் ஆழ்ந்து கற்றார். புலன்களின் வழியே அறிவை எழுப்பலாம் என்னும் கருத்தை அவர்களிடமிருந்து பெற்றார். 1907 ஆம் ஆண்டு சனவரி 6 ஆம் நாள் உரோமாபுரியின் சான் லொறென்சோ என்னும் வறிய குடியிருப்பிலே அவரது முதலாவது ‘பிள்ளைகள் இல்லம்’ திறக்கப்பட்டது. பெற்றோர் வேலைக்குச் சென்றபின் சிறுவர் கட்டடங்களின் சுவர்களைப் பழுதாக்காமல் இருக்க வேண்டும் என்பதே கட்டட உரிமையாளரின் நோக்கம். சுவர்களைக் காப்பதற்கெனத் தொடங்கிய இடத்திலிருந்து உலகளாவிய கல்வி இயக்கமொன்று தோன்றியமை வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று எனலாம்.

அவ்வில்லத்தில் அவர் கண்ட காட்சியொன்றை மொன்ரிசோரி பின்னாளில் மீண்டும் மீண்டும் நினைவுகூர்ந்துள்ளார். ஏறத்தாழ மூன்று வயதுச் சிறுமியொருத்தி மரக்கட்டையொன்றிலுள்ள குழிகளிலே வெவ்வேறு அளவான உருளைகளைப் பொருத்திக்கொண்டிருந்தாள். பொருத்தி முடித்ததும் யாவற்றையும் வெளியே எடுத்து மீண்டும் தொடங்கினாள். அவளது கவனத்தைச் சோதிக்கும் பொருட்டு ஏனைய பிள்ளைகளைப் பாடச் செய்தும், அவள் அமர்ந்திருந்த கதிரையோடு அவளைத் தூக்கி மேசைமீது வைத்தும் பார்த்தனர். சிறுமி உருளைகளை மடியில் அணைத்துக்கொண்டு தன் வேலையைத் தொடர்ந்தாள். நாற்பது முறைக்கு மேற் செய்தபின், கனவிலிருந்து விழித்தவள்போல நிமிர்ந்து நோக்கி, மகிழ்ச்சியோடு நிறுத்தினாள். அவளை எவரும் ஏவவில்லை, எவரும் பாராட்டவுமில்லை. மொன்ரிசோரியின் கல்விக் கோட்பாடு முழுவதும் இக்காட்சிக்கு எழுதப்பட்ட உரை என்று கூறினும் மிகையாகாது.

இங்கு உருளைக் கட்டையின் அமைப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. ஒவ்வோர் உருளைக்கும் ஒரு குழியே பொருந்தும். ஓர் உருளையைத் தவறான குழியில் இட்டால் இறுதியில் ஓர் உருளை இடமின்றி எஞ்சும். தவறு நேர்ந்துவிட்டது என்பதை ஆசிரியை சொல்ல வேண்டியதில்லை, பொருளே சொல்லிவிடுகின்றது. நன்னூல் நல்லாசிரியருக்குக் கூறும் உவமைகளுள் நிறைகோலும் ஒன்று. ஐயம் தீர எடைகாட்டி நடுநிலை பிறழாது நிற்பது நிறைகோலின் இயல்பு. வழமையான வகுப்பறையில் அந்நிறைகோல் ஆசிரியரின் கையில் இருக்கின்றது. சரி என்றும் பிழை என்றும் அவரே நிறுத்துச் சொல்கின்றார். மொன்ரிசோரி செய்த மாற்றம், நிறைகோலை ஆசிரியரின் கையிலிருந்து எடுத்துப் பொருளினுள்ளே வைத்தமையாகும். ஆசிரியை பொருளைக் கையாளும் முறையைக் காட்டிக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்று அவதானிக்கின்றார்.

இவ்வுபகரணங்களுள் சில பிற்காலக் கற்கையை நேரடியாகவே முன்னோக்கியவை. ஈருறுப்புச் சதுரமுகி என்பது அவற்றுள் ஒன்று. ஒரு பெட்டியினுள் எட்டு மரத்துண்டுகள் உள்ளன: பெரிய சதுரமுகி ஒன்று, சிறிய சதுரமுகி ஒன்று, கனவுருக்கள் ஆறு. நான்கு வயதுப் பிள்ளை நிறங்களை ஒப்பிட்டு அவற்றை அடுக்கிப் பெட்டியை நிறைக்கின்றது. அதற்கு அது வெறும் புதிர் விளையாட்டே. ஆயினும் அத்துண்டுகள் இரண்டு உறுப்புக்களின் கூட்டுத்தொகையைக் கனமாக்கும்போது கிடைக்கும் விரிவின் உறுப்புக்களாகும். பத்தாண்டுகள் கழிந்து கரும்பலகையில் அவ்விரிவைக் காணும் மாணவனின் கைகளுக்கு அது முன்னரே அறிமுகமானது. மணற்கடதாசி எழுத்துக்களும் இத்தகையனவே. விரலால் எழுத்தின் வடிவைத் தடவி உணர்ந்த பிள்ளை, எழுதுகோலைப் பிடிக்குமுன்னரே எழுத்தைக் கைவசமாக்கிக்கொள்கின்றது. அரிசியிலும் மணலிலும் விரலால் எழுதி ஏடு தொடக்கிய மரபில் வந்தோருக்கு இதன் உண்மை எளிதிற் புலனாகும்.

எனினும் இவ்வுதாரணங்களைக் கொண்டு, சதுரமுகியை அடுக்கிய பிள்ளை கணிதவியலாளனாகும் என்று முடிவுகட்டுவது தவறு. அவ்வாறாயின் ஒரே பெட்டியை அடுக்கிய பிள்ளைகள் யாவரும் ஒரே துறைக்குச் சென்றிருக்க வேண்டும். இதனை விளக்குவதற்குக் கொலம்பிய எழுத்தாளர் கபிரியேல் கார்சியா மார்க்கேஸின் வாழ்க்கை பொருத்தமானது. அரகட்டாக்கா என்னும் சிற்றூரிலே மொன்ரிசோரிப் பாடசாலையிற் பயின்றவர் அவர். புலன்களைக் கூர்மையாக்கி உலகின் அழகுகளை உணரவைப்பதில் அம்முறைக்கு இணையானதில்லை என்னும் கருத்தை 2002 இல் வெளியான தமது நினைவுநூலிற் பதிவு செய்துள்ளார். ஆனால் மொன்ரிசோரியோ, சிறு பிள்ளைகளுக்கு மாயக்கதைகளைச் சொல்வதை விரும்பாதவர். மெய்யான உலகை முதலில் அறிந்த பின்னரே கற்பனை உறுதியான நிலத்தில் எழும் என்று கருதியவர். மாயத்தையும் மெய்ம்மையையும் பிரிக்கவொண்ணாது கலந்து எழுதிய நாவலாசிரியர் அவரது முறையிற் பயின்றவர் என்பது, அம்முறை ஆர்வத்தின் பொருளைத் தீர்மானிப்பதில்லை என்பதற்குச் சிறந்த சான்றாகும். பாடசாலை கொடுத்தது கூர்மையான புலன். அப்புலன் எதை நாடிச் சென்றது என்பது வேறு வரலாறு.

புகழ்பெற்றோரின் பெயர்களை வரிசைப்படுத்தி ஒரு கல்விமுறையின் சிறப்பை நிறுவ முயல்வது அளவையியலின்படி குறையுடையது என்பதும் இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது. அன் பிராங்க் 1934 முதல் 1941 வரை அம்ஸ்ரர்டாமில் மொன்ரிசோரிப் பாடசாலையிற் பயின்றாள். 1942 முதல் நாசிகளுக்கு அஞ்சிக் குடும்பத்தோடு ஒளிந்து வாழ்ந்த காலத்திலும் அவள் எழுத்தையும் வரலாற்றையும் கிரேக்க, உரோமப் புராணங்களையும் அரச குடும்பங்களின் வமிசாவளிகளையும் தன் விருப்பங்களாகக் குறித்து வைத்தாள். இது மொன்ரிசோரிக் கல்வியின் பயன் என்று ஒருவர் கூற விரும்பலாம். ஆனால் அவளது தமக்கை மார்கொற் வழமையான ஆரம்பப் பாடசாலையிற் கற்றவள். அவளும் அதே ஒளிவிடத்திலிருந்து அஞ்சல்வழியாக இலத்தீன் பயின்றாள். ஒரே வீட்டின் இரு பிள்ளைகள், இரு வேறு பாடசாலைகள், இருவரிடத்தும் அணையாத கல்வி வேட்கை. மேலும் பொறியியலை நாடி, பின் மருத்துவத்துக்குத் திரும்பி, அதன்பின் மெய்யியலையும் மானிடவியலையும் கற்ற மரியா மொன்ரிசோரி தாமே பழைய முறை வாங்குகளில் அமர்ந்து கற்றவர்தாம். ஆதலின் இம்முறையின்றி ஆர்வம் பிறவாது என்று வாதிடுவோர் அதன் தாயையே மறந்தவராவர்.

அவ்வாறாயின் இக்கல்வி பிற்காலத்துக்கு விட்டுச்செல்வது யாது? இதற்குப் பெயர்வரிசையைவிட முறையான ஆய்வுகள் சிறிது ஒளி தருகின்றன. இத்தகைய ஆய்வில் உள்ள பெரும் இடர்ப்பாடு, மொன்ரிசோரிப் பாடசாலையை நாடும் பெற்றோர் இயல்பாகவே கல்வியில் அக்கறை மிகுந்தோராக இருத்தல் கூடும் என்பதாகும். ஐக்கிய அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் அஞ்சலின் லிலார்ட், நிக்கோல் எல்ஸ்-குவெஸ்ற் ஆகியோர் நடத்தி 2006 இல் வெளியிட்ட ஆய்வு இவ்விடரைத் தவிர்க்க முயன்றது. அங்குள்ள பொதுப்பணத்தில் இயங்கும் மொன்ரிசோரிப் பாடசாலைக்குத் திருவுளச்சீட்டு மூலமே அனுமதி வழங்கப்பட்டது. சீட்டில் இடம்பெற்ற பிள்ளைகளையும் இடம்பெறாது வேறு பாடசாலைகளுக்குச் சென்ற பிள்ளைகளையும் அவர்கள் ஒப்பிட்டனர். ஐந்து வயதில் மொன்ரிசோரிப் பிள்ளைகள் வாசிப்பிலும் கணிதத்திலும் முன்னின்றனர். பன்னிரண்டு வயதில் அவ்வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிட்டது. ஆனால் அவ்வயதில் அவர்கள் எழுதிய கட்டுரைகள் ஆக்கத்திறன் மிக்கனவாகவும் சிக்கலான வாக்கிய அமைப்புடையனவாகவும் இருந்தன. தம் பாடசாலையை ஒரு சமூகமாக உணரும் உணர்வும் அவர்களிடத்து மிகுந்திருந்தது. 24 பொதுப் பாடசாலைகளைச் சார்ந்த 588 பிள்ளைகளைக் கொண்டு நிகழ்த்தப்பட்டு 2025 இல் வெளியான ஆய்வும் திருவுளச்சீட்டு முறையையே பின்பற்றி, ஆறு வயதளவில் வாசிப்பிலும் நினைவாற்றலிலும் நன்மை இருத்தலை உறுதிசெய்தது.

இவ்வினாவுக்கு மேலும் நெருங்கியது ரதுண்டேயும் சிக்சென்மிகாயியும் 2005 இல் வெளியிட்ட ஆய்வாகும். இடைநிலை வகுப்பு மாணவர் வெவ்வேறு நேரங்களில் தாம் செய்யும் வேலையைப்பற்றி என்ன உணர்கின்றனர் என்பதை அவர்கள் பதிவுசெய்து ஒப்பிட்டனர். மொன்ரிசோரி மாணவர் பாடவேலையின்போது ஈடுபாட்டையும் ஊக்கத்தையும் தம்மை மறந்த ஒருமைப்பாட்டையும் மிகுதியாக உணர்ந்தனர். வழமையான பாடசாலை மாணவரோ, தாம் செய்யும் பாடவேலை முக்கியமானது என்பதை மிகுதியாக உணர்ந்தனர். ஆயின் அதைச் செய்ய வேண்டும் என்ற உள்ளார்ந்த விருப்பம் அவர்களிடம் குறைவாக இருந்தது. இவ்வாய்வு திருவுளச்சீட்டை அடிப்படையாகக் கொண்டதன்று. ஆதலின் அதன் முடிபை அளவோடு ஏற்றல் வேண்டும். எனினும் அது காட்டும் பிளவு எவருக்கும் புதியதன்று. முக்கியம் என்று அறிந்தும் விருப்பமின்றிக் கற்றல் என்பது பரீட்சைக்கு முந்திய இரவைக் கண்ட ஒவ்வொரு மாணவரும் அறிந்த நிலையே.

இனி, தொடக்கத்தில் எழுந்த ஒழுக்கவியல் வினாவுக்குத் திரும்பலாம். ஆயத்தப்படுத்திய சூழலில் தேர்வு செய்யும் பிள்ளை உண்மையில் சுதந்திரமுடையதா? 1762 இல் ரூசோ தமது ‘எமீல்’ நூலிற் படைத்த ஆசான், மாணவன் தன்னைச் சுதந்திரன் என்று நம்பும்படி யாவற்றையும் மறைவிலிருந்து ஒழுங்குபடுத்துகின்றான். மொன்ரிசோரியின் வகுப்பறையும் அத்தகைய நுட்பமான ஆட்சியே என்று ஒருவர் ஐயுறலாம். வேறொரு திசையிலிருந்து ஜோன் டூயியும் அவர் மகள் எவ்லினும் 1915 இல் வெளியிட்ட நூலொன்றில் இதனையொத்த குறையை எழுப்பினர். பிள்ளைக்கு நடமாடும் சுதந்திரம் உண்டு, ஆனால் உபகரணத்தை விதித்த முறையிலன்றி வேறு வகையிற் பயன்படுத்தும் சுதந்திரம் இல்லை என்பது அவர்கள் கருத்து. இக்குறை முற்றாகத் தள்ளற்பாலதன்று. உருளைக் கட்டைக்கு ஒரு விடையே உண்டு. வாழ்க்கையின் வினாக்களுக்கோ அவ்வாறன்று.

எனினும் இங்கு ஒரு வேறுபாட்டைத் தெளிதல் வேண்டும். செல்வாக்கே இல்லாத வளர்ப்பு என்று ஒன்றில்லை. மொழி, உணவு, வீட்டிலுள்ள நூல்கள், அயலவரின் தொழில் யாவும் பிள்ளையின் ஆர்வத்தை உருவாக்குகின்றன. ஆதலின் செல்வாக்குச் செலுத்தலாமா என்பதன்று வினா. எத்தகைய செல்வாக்கு நேர்மையானது என்பதே வினா. பிள்ளை தானே சோதித்து ஏற்கவோ தள்ளவோ கூடிய செல்வாக்கு ஒருவகை. இன்னொருவரின் பாராட்டையும் கோபத்தையும் சார்ந்து மட்டும் நிற்கும் செல்வாக்கு மற்றொருவகை. முதலாவதிற் பிள்ளைக்கும் உண்மைக்கும் இடையில் எவரும் நிற்பதில்லை. இரண்டாவதில் எப்போதும் ஒருவர் நிற்கின்றார்; அவர் அகன்றால் ஆர்வமும் அகன்றுவிடும். பாராட்டினால் வளர்க்கப்பட்ட ஆர்வம் பிற்காலத்தில் விரிவுரை மண்டபத்தில் அமர்ந்து, ‘இது பரீட்சைக்கு வருமா?’ என்று கேட்கும். பொருளோடு பழகி வளர்ந்த ஆர்வம், ‘இது உண்மையா?’ என்று கேட்கும். மொன்ரிசோரிக் கல்வி பிற்காலக் கற்கைக்கு ஏதேனும் கொடுக்குமாயின் இவ்விரண்டாவது வினாவைக் கேட்கும் பழக்கத்தையே கொடுக்கின்றது. எந்தத் துறையில் அதனைக் கேட்பது என்பதை மாணவரிடமே விட்டுவிடுகின்றது.

இதனை விருப்பம்போல் நடத்தல் என்று கொள்வோரும் உளர். பிள்ளைக்குப் பிடித்ததையே செய்யவிட்டால் கடினமான பாடத்தை எவர் கற்பார் என்பது அவர்தம் வாதம். ஆர்வத்தையும் இன்பநுகர்ச்சியையும் ஒன்றெனக் கருதுவதாலேயே இவ்வாதம் எழுகின்றது. ஒரு வேலையை நாற்பது முறை திரும்பச் செய்த சிறுமி எளிமையை நாடவில்லை. மெய்யான ஆர்வம் கடினத்தைத் தேடிச் செல்லும். ஏவலினாற் கற்பவனே குறுக்குவழியைத் தேடுவான்.

இம்முறையின் ஒழுக்கவியல் உள்ளடக்கத்தை அரசியலும் சோதித்துப் பார்த்தது. 1920களின் நடுப்பகுதியில் முசோலினியின் ஆட்சி மொன்ரிசோரிப் பாடசாலைகளுக்கு ஆதரவளித்தது. பிள்ளைகள் விரைவில் எழுதவும் வாசிக்கவும் அறிந்து, ஒழுங்காக நடந்துகொள்வதை அவ்வாட்சி விரும்பியிருக்கலாம். மொன்ரிசோரியும் அவ்வாதரவை ஏற்றுக்கொண்டார்; அது அவரது வாழ்க்கையில் விமர்சனத்துக்குரிய பகுதியே. ஆனால் 1934 அளவில் அவ்வுறவு முறிந்து, அவர் இத்தாலியை விட்டு நீங்கினார், பாடசாலைகள் மூடப்பட்டன. ஒழுங்கை மட்டும் எடுத்துக்கொண்டு, அவ்வொழுங்கு எதனின்று பிறந்ததோ அந்தத் தன்னாட்சியைத் தள்ளிவிட எந்த அதிகாரத்தாலும் இயலாது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

1939 இல் பிரமஞான சபையின் அழைப்பை ஏற்று அவர் சென்னை அடையாறுக்கு வந்தார். 1940 இல் இத்தாலி போரிற் புகுந்தமையால் அவரும் மகன் மாரியோவும் பிரித்தானிய ஆட்சியினரின் கட்டுப்பாட்டுக்குள்ளாயினர். கோடைக்கானலில் தங்கியிருந்த காலத்திலே, ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கான பிரபஞ்சக் கல்வி என்னும் கருத்து விரிவுபெற்றது. பாடங்களைத் தனித்தனியே கொடாது, பிரபஞ்சத்தின் தோற்றம், உயிர்களின் வருகை, மனிதன், எழுத்து, எண் ஆகியவற்றின் பெருங்கதைகளை முதலிற் சொல்லி, அவற்றினின்று பிள்ளை தன் வினாவைத் தானே கண்டெடுக்க விடுதல் அதன் சாரம். 1944 இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்கு அவர் பயிற்சி அளித்தார். இன்று இந்நாட்டின் பேச்சு வழக்கில் அவர் பெயர் எந்தப் பாலர் பாடசாலைக்கும் பொதுப்பெயராகிவிட்டது. பெயர் நிலைத்தது; முறை நிலைத்ததா என்பது வேறு. பெயர்ப்பலகையில் மொன்ரிசோரி என எழுதிவிட்டு, நான்கு வயதுப் பிள்ளைக்கு வீட்டுவேலையும் பரிசளிப்பு விழாவும் வைக்கும் இடங்கள் உள. அங்கு நிறைகோல் மீண்டும் ஆசிரியரின் கைக்கே சென்றுவிடுகின்றது.

இதனோடு நீதி பற்றிய வினாவொன்றும் இணைந்துள்ளது. 1945 முதல் இந்நாட்டில் நிலவிவரும் இலவசக் கல்வி முதலாம் ஆண்டிலிருந்தே தொடங்குகின்றது. அதற்கு முந்திய ஆண்டுகள் பெரும்பாலும் தனியார், சமய நிறுவனங்கள், தொண்டு அமைப்புக்கள், உள்ளூராட்சி மன்றங்கள் ஆகியோரிடம் விடப்பட்டுள்ளன. சான் லொறென்சோவின் வறிய பிள்ளைகளிடத்துக் கண்டறியப்பட்ட முறையொன்று, பல நாடுகளில் வசதிபடைத்தோர் விலைகொடுத்து வாங்கும் பொருளாகிவிட்டது. மீனவர் குப்பத்துப் பிள்ளைக்கும் தோட்டத்து லயத்துப் பிள்ளைக்கும் கவனம் என்னும் செல்வம் மறுக்கப்படுமாயின், பின்னாளில் அவர்களின் புள்ளிகளை ஒப்பிட்டுத் திறமையைப் பேசுவதில் நேர்மை இல்லை.

முதலாம் ஆண்டிற்குப்பின் நிகழ்வதும் எண்ணற்பாலது. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை, க.பொ.த. சாதாரணதரம், உயர்தரம் என்னும் படிகளில் ஏறிவரும் மாணவர் ஒவ்வொரு படியிலும் வெளியிலிருந்தே நிறுக்கப்படுகின்றனர். இறுதியில் இசெட் புள்ளியே பீடத்தைத் தீர்மானிக்கின்றது. விலங்கியலில் விருப்பமில்லாதவர் மருத்துவராகவும், வரலாற்றை நேசித்தவர் கணக்கியல் மாணவராகவும் ஆகின்றனர். வரையறுக்கப்பட்ட இடங்களைப் பங்கிட அளவுகோலொன்று வேண்டும் என்பது மறுக்கவொண்ணாதது. ஆனால் அவ்வளவுகோலே ஆர்வத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்போது, பட்டம் பெற்ற மறுநாளே நூலை மூடிவிடும் கற்றோர் கூட்டம் ஒன்று உருவாகின்றது.

இந்நிலையில் மொன்ரிசோரிச் சிந்தனை பாலர் வகுப்போடு முடிந்துபோன ஒன்றன்று. சிறுவயதில் அவ்வாய்ப்பைப் பெறாத மாணவருக்கும் ஆய்வுகூடத்தில் எதிர்பார்த்த விடை வராதபோது விடையை மாற்றி எழுதாமல் பரிசோதனையை மீண்டும் செய்துபார்க்கும் தருணம் உண்டு. மூலபாடத்தைத் தாமே வாசித்து, விரிவுரைக் குறிப்பு அதனோடு பொருந்தாமையைக் காணும் தருணமும் உண்டு. அத்தருணங்களில் நிறைகோல் பொருளினுள்ளே திரும்பிவிடுகின்றது. அதனை அனுமதிக்கும் துணிவு விரிவுரையாளருக்கு வேண்டும். மாணவன் தம்மோடு முரண்படும் சான்றோடு வரும்போது சினவாது, அச்சான்றை மீண்டும் நோக்குதல் வேண்டும். கற்பிப்போர் ஒதுங்கி நிற்பது கடமையிலிருந்து விலகுதலன்று. சூழலை ஆயத்தம் செய்தபின் ஒதுங்கி நிற்பதே கடமையின் கடினமான பகுதி. மேசைமீது தூக்கி வைக்கப்பட்ட பின்னும் நிமிர்ந்து பாராத சிறுமியிடத்து அன்று மொன்ரிசோரி கண்டது அதுவே. அவளுக்கு அவர் செய்த பேருதவி, அவள் தானாக நிமிரும்வரை காத்திருந்தமையாகும்.